டிஸ்க் பிழைத்தது, போர்டு செத்தது: ரெய்டின் கதை

ஒரு கம்ப்யூட்டர் திடீரென்று உயிரை விடுகிறது. ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் பிராசசருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் குட்டி உருளைகளின் தலை உப்பியிருக்கிறது. ஒன்றிரண்டில் பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருக்கிறது. மதர்போர்டு காலி! போகட்டும், ஹார்ட் டிஸ்க் நான்கும் நன்றாகத்தானே இருக்கின்றன, வேறு போர்டு வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்று நினைத்து மாட்டினால்... புது போர்டு நான்கு டிஸ்க்கையும் பார்க்கிறது, பெயர் சொல்கிறது, அளவும் சொல்கிறது. உள்ளே மட்டும் ஒன்றுமே இல்லை என்கிறது. விண்டோஸ் ஒரு படி மேலே போய், இந்த டிஸ்க்கைப் புதிதாகத் தயார் செய்யட்டுமா என்று பணிவாகக் கேட்கிறது.

2000-க்குப் பிறகான சில ஆண்டுகளில் உலகின் பல வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும் நடந்த காட்சி இது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நான்கு டிஸ்க்கையும் ஒன்றாகக் கட்டி வைத்ததே தகவல் தொலையக் கூடாது என்பதற்காகத்தான். அந்த ஏற்பாட்டின் பெயர் ரெய்டு. (வருமான வரித்துறை நடத்துவது வேறு ரெய்டு. அதிலும் கணக்கு காணாமல் போவதுண்டு, ஆனால் அது இங்கே பேச்சில்லை!) பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு எப்படி ஒரு புது ஆபத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது, அது எப்படிச் சரியானது என்பதுதான் கதை.

சரி, 1987-க்குப் போவோம்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம். டேவிட் பேட்டர்சன், ரேண்டி கட்ஸ் என்று இரண்டு பேராசிரியர்கள், கார்த் கிப்சன் என்று ஒரு ஆராய்ச்சி மாணவர். அப்போது பெரிய நிறுவனங்களில் தகவலைச் சேமிக்க இருந்தது ஐபிஎம் 3380 போன்ற ராட்சத டிஸ்க்குகள். அதன் ஒரு மாடல் 7,500 மெகாபைட் கொள்ளும், 24 கன அடி இடத்தை அடைக்கும், 6,600 வாட் மின்சாரம் குடிக்கும். இன்னொரு பக்கம் பர்சனல் கம்ப்யூட்டருக்காக கானர் என்ற கம்பெனி செய்த 100 மெகாபைட் குட்டி டிஸ்க். அதற்கு 10 வாட் போதும். ஒரு மெகாபைட்டுக்கு ஆகும் விலையும் குட்டி டிஸ்க்கில்தான் குறைவு. அப்படியானால் 75 குட்டி டிஸ்க்கை ஒன்றாகக் கட்டினால் அதே 7,500 மெகாபைட் வந்துவிடுகிறதே, மின்சாரம் 750 வாட்தானே ஆகிறது! அதோடு 75 டிஸ்க்கும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் வேகமும் பல மடங்கு.

ஒரே ஒரு சிக்கல். ஒரு டிஸ்க் பழுதாகச் சராசரியாக 30,000 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய மூன்றரை ஆண்டு. 100 டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டினால், அவற்றில் ஏதாவது ஒன்று பழுதாக ஆகும் சராசரி நேரம் 30,000-ஐ 100-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 300 மணி நேரம். இரண்டு வாரம் கூட இல்லை! பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை எல்லாம் போய்விடும் பெட்டியை எந்த வங்கி வாங்கும்?

இதற்கு அவர்கள் சொன்ன தீர்வு, கணக்கு எழுதும் எவருக்கும் உடனே புரியும். மூன்று கடைகளின் ஒரு நாள் விற்பனை 40, 25, 35 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 100 என்று நான்காவது நோட்டில் தனியாக எழுதி வைக்கிறோம. இரண்டாவது கடையின் நோட்டு தொலைந்து போனால் என்ன? 100-லிருந்து 40-ஐயும் 35-ஐயும் கழித்தால் 25 வந்துவிடுகிறது. எந்த ஒரு நோட்டு தொலைந்தாலும் மற்ற மூன்றை வைத்து மீட்டுவிடலாம். இரண்டு தொலைந்தால்தான் முடியாது. கம்ப்யூட்டர் கூட்டலுக்குப் பதில் எக்ஸ்ஆர் என்ற ஒரு பிட் கணக்கைச் செய்கிறது, அந்தக் கூட்டுத்தொகைக்குப் பாரிட்டி என்று பெயர். மற்றபடி சங்கதி இதுவேதான். கூட்டலில் இன்னொரு குணமும் இருக்கிறது: 40, 25, 35 என்று கூட்டினாலும் 35, 40, 25 என்று கூட்டினாலும் விடை 100-தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த யோசனை முழுக்க முழுக்கப் புதிதும் அல்ல. ஐபிஎம்மில் நார்மன் ஓச்சி என்பவர், பழுதான நினைவகத்திலிருந்து தகவலை மீட்கும் முறைக்கு 1978-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். டேண்டம் கம்பெனி ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் எழுதும் கண்ணாடிப் பிரதி முறையை விற்றுக்கொண்டிருந்தது. பெர்க்லி மூவர் செய்தது, சிதறிக்கிடந்த முறைகளை 1 முதல் 5 வரை நிலைகளாக வரிசைப்படுத்தி, கணக்குப் போட்டுக் காட்டி, நாக்கில் நிற்கிற மாதிரி ஒரு பெயரும் வைத்தது. பெயர் வைப்பது சின்ன விஷயம் இல்லை! 1987 டிசம்பரில் பல்கலைக்கழக அறிக்கையாகவும், 1988-ல் சிகாகோவில் நடந்த சிக்மாட் மாநாட்டிலும் கட்டுரை வெளியானது. 'விலை மலிவான டிஸ்க்குகளின் உபரி அணி' என்பதுதான் ரெய்டு என்ற எழுத்துகளின் மூல விரிவு. விற்க வந்த கம்பெனிகளுக்கு 'மலிவான' என்ற சொல் பிடிக்குமா? சீக்கிரமே அது 'தனித்தனி' டிஸ்க்குகள் என்று மாறிவிட்டது.

கட்டுரையின் கணக்கு அசத்தலானது. பத்து டிஸ்க்குக்கு ஒரு பாரிட்டி டிஸ்க் வைத்து, பழுதான டிஸ்க்கை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டால், 300 மணி நேரமாக இருந்த ஆயுள் 8 லட்சம் மணி நேரத்தைத் தாண்டுகிறது. அதாவது 90 ஆண்டுக்கும் மேல்.

இந்த 90 ஆண்டுக் கணக்கில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. பழுதாவது டிஸ்க் மட்டும்தான், அதுவும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாகப் பழுதாகும் என்று வைத்துக்கொண்டால்தான் இந்த எண் வரும். டிஸ்க்குகளுக்குப் பொதுவாக இருக்கும் மின்வழங்கி, கேபிள், கண்ட்ரோலர், ஃபேன் இவை போனால்? பெர்க்லிக்காரர்கள் இதை மறைக்கவில்லை. மார்ட்டின் ஷுல்சே என்பவரையும் சேர்த்துக்கொண்டு 1989-லேயே 'ஒரு ரெய்டு எவ்வளவு நம்பகமானது?' என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து இன்னொரு கட்டுரை எழுதினார்கள். துணைக் கருவிகளையும் கணக்கில் சேர்த்தால் ஆயுள் மளமளவென்று குறைகிறது என்று காட்டினார்கள். அதற்கு வழியும் சொன்னார்கள்: ஒரே கேபிளில் தொங்கும் டிஸ்க்குகளை ஒரே பாரிட்டிக் குழுவில் வைக்காதே, குறுக்காகப் பிரித்து வை. ஒரு கேபிளோ கண்ட்ரோலரோ போனால் ஒவ்வொரு குழுவிலும் ஒரே ஒரு டிஸ்க்தான் மறையும், பாரிட்டி அதைச் சமாளித்துக்கொள்ளும்.

பெரிய கம்பெனிகள் இதைக் கேட்டு நடந்தன. வங்கிகளுக்கும் விமான நிறுவனங்களுக்கும் விற்ற பெட்டிகளில் கண்ட்ரோலர் இரண்டு, மின்வழங்கி இரண்டு, நடுவில் மின்சாரம் போனால் தாங்க பேட்டரி என்று எல்லாமே ஜோடி ஜோடியாக வந்தன. விலையும் அதற்கேற்ற மாதிரி! மூவருக்கும் 1999-ல் ஐஇஇஇ அமைப்பின் ரெனால்ட் ஜான்சன் விருது கிடைத்தது. 1956-ல் வந்த உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பெயரில் உள்ள விருது அது.

அதற்கு அடுத்த ஆண்டுதான் ரெய்டு வீட்டுக்கு வந்தது, ஜோடிகள் எதுவும் இல்லாமல்.

2000-ஆம் ஆண்டில் தைவானின் ஏபிட் கம்பெனி கேடி7-ரெய்டு என்ற மதர்போர்டை வெளியிட்டது. ஏஎம்டி பிராசசரை வேகமாக ஓட்டிப் பார்க்கும் இளைஞர்களின் செல்லப்பிள்ளை. அதன் மேல் ஹைபாயிண்ட் கம்பெனியின் ஹெச்பிடி370 என்ற ஒரு சின்ன சிப். சாதாரண போர்டில் நான்கு ஐடிஇ டிஸ்க் மாட்டலாம் என்றால், இதில் எட்டு மாட்டலாம். கூடுதலான இணைப்புகளில் மாட்டியவற்றை ரெய்டாகக் கட்டலாம். தனி கண்ட்ரோலர் கார்டு வாங்க வேண்டியதில்லை. அடுத்தடுத்து மற்ற கம்பெனிகளும் இதே வழியில் வந்தன. 2003-ல் இன்டெல் தன் ஐசிஹெச்5ஆர் சிப்பிலேயே இதைச் சேர்த்தது, அந்த 'ஆர்' ரெய்டைத்தான் குறிக்கும். 2005 வாக்கில் பாரிட்டி போடும் ரெய்டு 5-உம் மதர்போர்டுக்கு வந்துவிட்டது.

லினக்ஸ்காரர்கள் இதற்கு 'போலி ரெய்டு' என்று பெயர் வைத்தார்கள். கொஞ்சம் கடுமையான பெயர்தான், ஆனால் காரணம் இருந்தது. உண்மையான கண்ட்ரோலர் கார்டில் தனி பிராசசர் இருக்கும், பாரிட்டிக் கணக்கை அதுவே போடும். மதர்போர்டு ரெய்டில் அப்படி எதுவும் கிடையாது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது பயாஸில் உள்ள சின்ன நிரல் டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டும், விண்டோஸ் வந்தபின் டிரைவர் மென்பொருள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். எல்லாக் கணக்கையும் போடுவது கம்ப்யூட்டரின் சொந்த பிராசசர்தான்.

இன்னொரு கூத்து, அந்த நாட்களில் பலர் கட்டியது ரெய்டு 0. தகவலைத் துண்டு துண்டாக வெட்டி இரண்டு டிஸ்க்கில் மாற்றி மாற்றி எழுதினால் வேகம் கூடும், விளையாட்டு சீக்கிரம் திறக்கும். ஆனால் இதில் உபரி எதுவும் இல்லை, ஒரு டிஸ்க் போனால் மொத்தமும் போய்விடும். பெர்க்லி கட்டுரையில் இப்படி ஒரு நிலையே கிடையாது. 1-லிருந்து 5 வரைதான் அவர்கள் சொன்னது. பாதுகாப்பு பூஜ்யம் என்பதைப் பெயரிலேயே எழுதி ஒட்டியிருந்தும் மக்கள் கட்டினார்கள்!

அதே சமயத்தில், டிஸ்க்குகளுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு இடத்தில் வேறொரு கோளாறு முளைத்துக்கொண்டிருந்தது. மதர்போர்டில் பிராசசருக்கு வரும் மின்சாரத்தைச் சீராக்க அலுமினிய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் (மின்தேக்கிகள்) உண்டு. முதல் பத்தியில் பார்த்த குட்டி உருளைகள் இவைதான். பிராசசர்களின் மின்தேவை கூடக்கூட, தண்ணீர் அதிகம் கலந்த மின்திரவம் உள்ள கெப்பாசிட்டர்கள் புழக்கத்துக்கு வந்தன. விலை குறைவு, மின்தடையும் குறைவு. ஆனால் தண்ணீரும் அலுமினியமும் சேர்ந்தால் சும்மா இருக்காது, வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு வரும். அதைத் தடுக்கத் திரவத்தில் சில ரசாயனங்கள் சேர்க்க வேண்டும். தைவானில் தயாரான பல கெப்பாசிட்டர்களில் அந்தத் தடுப்பு சரியாக இல்லை. உள்ளே வாயு சேர்ந்து, உருளையின் தலை உப்பி, அதில் கீறியிருக்கும் கோடு வழியே பிளந்து, திரவம் வெளியே வந்தது.

இது ஏன் நடந்தது என்பதற்கு 2002, 2003-ல் வந்த பத்திரிகைச் செய்திகள் ஒரு சினிமாக் கதை சொன்னன. ஜப்பானியக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த விஞ்ஞானி சீனாவுக்கு மாறினார், அவரிடமிருந்து செய்முறை கைமாறித் தைவானுக்குப் போனது, திருடியவர்கள் முழுச் செய்முறையையும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்று. சுவையான கதை, ஆனால் நீதிமன்றம் ஏறி நிரூபணமானது அல்ல. சேதம் மட்டும் நிஜம். ஏபிட், கோளாறை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட மிகச் சில கம்பெனிகளில் ஒன்று. டெல் கம்பெனி தன் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களின் போர்டுகளை மாற்றிக் கொடுப்பதற்காக 2005-ல் 30 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் விற்றதில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்கள் இந்த ஆபத்தில் இருந்தன என்று பின்னால் வழக்கு ஆவணங்கள் காட்டின.

ஆக, ரெய்டு மதர்போர்டில் ஏறிய அதே ஆண்டுகளில் மதர்போர்டு கொத்துக்கொத்தாகச் சாக ஆரம்பித்தது. கேடி7-ரெய்டு இரண்டு வரலாற்றிலும் இடம்பெற்ற போர்டு. டிஸ்க் சாகும் என்று பயந்து ஏற்பாடு செய்தவர்களுக்கு, டிஸ்க்கைக் கட்டிவைத்த கயிறே அறுந்தது.

அப்போது எழுந்த கேள்விதான் முக்கியமானது. டிஸ்க்குகள் எந்த வரிசையில் கட்டப்பட்டன, எவ்வளவு பெரிய துண்டாக வெட்டி எழுதப்பட்டது, பாரிட்டி எந்த ஒழுங்கில் சுற்றி வருகிறது என்ற விவரமெல்லாம் எங்கே இருக்கிறது? போர்டின் நினைவிலேயே இருக்கிறது, அது போனதும் போய்விட்டது என்றுதான் பலர் நினைத்தார்கள். உண்மையில் பெரும்பாலான மதர்போர்டு ரெய்டுகள் அந்த விவரத்தை டிஸ்க்குகளிலேயே எழுதி வைத்தன. ஹெச்பிடி370 அதை டிஸ்க்கின் தொடக்கத்துக்குப் பக்கத்தில், 9-வது செக்டரில் வைத்தது. இன்டெல் டிஸ்க்கின் கடைசியில், கடைசிக்கு முந்தைய செக்டரில் வைத்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மொழி, ஒரு ஒளிவிடம். ஒருவர் எழுதியதை அடுத்தவர் படிக்க மாட்டார். ஹைபாயிண்ட் சிப்பில் கட்டிய டிஸ்க்கை இன்டெல் போர்டில் மாட்டினால், சாவி உள்ளேயே இருந்தும் கதவு திறக்காது.

கண்ணாடிப் பிரதியான ரெய்டு 1 என்றால் பெரிய தலைவலி இல்லை, ஒரு டிஸ்க்கைத் தனியாக மாட்டினாலே பெரும்பாலும் படித்துவிடலாம். ரெய்டு 5-தான் சோதனை. 5 மெகாபைட் அளவுள்ள ஒரு குடும்பப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 64 கிலோபைட் துண்டாக வெட்டினால் 80 துண்டு. நான்கு டிஸ்க்கில், ஒரு வரிசைக்கு மூன்று துண்டும் ஒரு பாரிட்டியுமாக, 27 வரிசையில் அது சிதறியிருக்கும். பாரிட்டி ஒவ்வொரு வரிசையிலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். எந்த டிஸ்க்கைத் தனியாகத் திறந்தாலும் அந்தப் படத்தின் கால்வாசி மட்டுமே, அதுவும் பாரிட்டியோடு கலந்து கிடக்கும்.

விவரம் அழிந்துபோன நிலையில் மீட்பவர்கள் செய்யும் முதல் வேலை, ஒவ்வொரு டிஸ்க்கையும் செக்டர் செக்டராக அப்படியே பிரதி எடுத்துவிட்டு அசலைத் தொடாமல் வைப்பது. பிறகு பிரதிகளில் ஒரே இடத்தில் உள்ள பைட்டுகளை எடுத்து எக்ஸ்ஆர் போட்டுப் பார்ப்பார்கள். எல்லா இடத்திலும் பூஜ்யம் வந்தால் இந்த நான்கும் ஒரே ரெய்டு 5-ஐச் சேர்ந்தவை என்பது உறுதி. ஆனால் அதற்கு மேல் பாரிட்டி வாய் திறக்காது! கடை நோட்டுக் கணக்கு நினைவிருக்கிறதா? எந்த வரிசையில் கூட்டினாலும் விடை 100-தான். உறுப்பினர் யார் என்று பாரிட்டி சொல்லும், யார் முதல் யார் இரண்டாவது என்று சொல்லாது.

அதனால் வரிசையைத் துப்பறிந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். நான்கு டிஸ்க்கை 24 விதமாக அடுக்கலாம். பாரிட்டி சுற்றும் ஒழுங்கு பொதுவாக நான்கு. துண்டின் அளவு 16-லிருந்து 256 கிலோபைட் வரை ஐந்து. பெருக்கினால் 480 வழிகள். அதில் ஒன்றுதான் சரி. முதல் செக்டரின் கடைசியில் 55ஏஏ என்ற அடையாளம் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பார்த்தால் முதல் டிஸ்க் எது என்று ஊகிக்கலாம். தேதி வாரியாக எழுதப்பட்ட ஒரு பெரிய பதிவுக் கோப்பு கிடைத்தால் இன்னும் அதிர்ஷ்டம். ஒரு டிஸ்க்கில் 10.15 மணி வரை வந்து பாதி வரியில் அறுந்து, அதே வரி இன்னொரு டிஸ்க்கில் தொடரும். அறுந்த இடத்தை வைத்துத் துண்டின் அளவும், தொடர்ந்த இடத்தை வைத்து அடுத்த டிஸ்க்கும் தெரிந்துவிடும்.

இதில் ஒரு பொய் நம்பிக்கையும் உண்டு. தவறான வரிசையில் அடுக்கினாலும், ஒரே துண்டுக்குள் அடங்கிவிடும் சின்னக் கோப்புகள் அழகாகத் திறக்கும். குட்டிப் படங்களைப் பார்த்ததும், வந்துவிட்டது என்று குதிப்பார்கள். பெரிய படத்தைத் திறந்தால் மேலே நெற்றி வரை முகம், அதற்குக் கீழே சாம்பல் நிறம்.

ஆனால் நிறையப் பேருக்குத் தகவல் போனது மதர்போர்டு செத்த அன்று அல்ல, அதற்கு அடுத்த நாள். புது போர்டின் ரெய்டு மெனுவில் போய், அதே நான்கு டிஸ்க்கை வைத்துப் புதிய அணி உருவாக்கு என்று கொடுப்பது. எல்லாத் தகவலும் அழியும் என்று அது எச்சரித்தும், பழைய மாதிரியேதானே கட்டுகிறோம் என்ற நினைப்பில் சரி என்று அழுத்துவது. அணியைப் புதிதாகத் தயார் செய்கிறேன் என்று அது ஓட ஆரம்பித்தால், தகவல் இருந்த இடங்களின் மேலேயே எழுதிவிடக்கூடும். ரெய்டு 1-லும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஆறு மாதத்துக்கு முன்பே அணியிலிருந்து கழன்றுபோன பழைய டிஸ்க்கை அசல் என்று நம்பி, அதைப் புது டிஸ்க்கின் மேல் பிரதி எடுத்துவிட்டால் ஆறு மாதக் கணக்கு காற்றில் போகும். போர்டு சாகாமலே இதே பீதியில் மாட்டியவர்களும் உண்டு. போர்டின் பொத்தான் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும், டிஸ்க் இணைப்பு ரெய்டிலிருந்து சாதா முறைக்கு மாறிவிடும். பயாஸில் மறுபடி ரெய்டு என்று மாற்றினால் எல்லாம் அப்படியே இருக்கும். அதற்குள் ஃபார்மட் செய்யாமல் இருந்தால்!

தீர்வு வந்தது பெரும்பாலும் போர்டு செய்பவர்களிடமிருந்து அல்ல. லினக்ஸில் ஏற்கெனவே எம்டி என்ற மென்பொருள் ரெய்டு இருந்தது. அதில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு தலைக்குறிப்பு எழுதப்படும்: இந்த அணியின் அடையாள எண் இது, நான் இதில் இத்தனையாவது ஆள், துண்டின் அளவு இவ்வளவு, பாரிட்டி இந்த ஒழுங்கு. கூடவே ஒரு நிகழ்வு எண்ணும் இருக்கும். அணியில் மாற்றம் நடக்க நடக்க அது ஏறிக்கொண்டே போகும், பின்தங்கிய எண்ணோடு வரும் டிஸ்க் பழசு என்று உடனே தெரிந்துவிடும். மேலே சொன்ன ஆறு மாதப் பிசகுக்கு இதுவே மருந்து. இந்த அமைப்பை நடத்த நீல் பிரவுன் எழுதிய எம்டிஏடிஎம் என்ற கருவி 2001 முதல் வளர்ந்து வந்தது. இதில் கட்டிய டிஸ்க்குகளைக் கழற்றி, கம்பெனி வேறு, சிப் வேறு, கேபிள் மாட்டும் வரிசையும் வேறு என்று எப்படி மாட்டினாலும், தலைக்குறிப்பைப் படித்துத் தானே சரியாக அடுக்கிக்கொள்ளும்.

அடுத்து, மற்றவர்களின் மொழியைப் படிக்கும் வேலை. 2004-ல் ரெட் ஹேட் கம்பெனியின் ஹைன்ஸ் மௌல்ஸ்ஹாகன் டிஎம்ரெய்டு என்ற கருவியைக் கொடுத்தார். ஹைபாயிண்ட், பிராமிஸ், இன்டெல், என்விடியா, வயா என்று பல கம்பெனிகளின் ஒளிவிடங்களும் எழுத்துமுறையும் அதற்குத் தெரியும். ஒரு லினக்ஸ் சிடியைப் போட்டுக் கிளப்பினால், செத்துப்போன போர்டின் ரெய்டைத் துளிகூட மாற்றாமல் படித்து, வேறு டிஸ்க்குக்குத் தகவலை அள்ளிவிடலாம். 2006-ல் எஸ்என்ஐஏ என்ற தொழில் கூட்டமைப்பு, எல்லாருக்கும் பொதுவாக டிடிஎஃப் என்ற எழுத்துமுறையை வெளியிட்டது. டிஸ்க்கின் கடைசி செக்டரில் இருந்து தேடத் தொடங்கு என்பது அதன் விதி. 2009-ல் வந்த எம்டிஏடிஎம் மூன்றாம் பதிப்பு, டிடிஎஃப்பையும் இன்டெலின் முறையையும் நேரடியாகவே படிக்க ஆரம்பித்தது.

இதன் பலன் 2011-ல் தெரிந்தது. அந்த ஜனவரி 31-ஆம் தேதி இன்டெல், தன் புத்தம்புது 6-வரிசை சிப்செட்டில் ஒரு வடிவமைப்புக் கோளாறு இருப்பதாக அறிவித்து விநியோகத்தை நிறுத்தியது. சாட்டா இணைப்புகளில் 0, 1 இரண்டும் நலம். 2 முதல் 5 வரை உள்ள நான்கும் நாளாக நாளாகத் தேய்ந்து போகலாம். காரணம் ஒரே ஒரு டிரான்சிஸ்டர்! அந்த ஒன்றைச் சார்ந்து நான்கு இணைப்பு. 1989 கட்டுரை எச்சரித்த அதே பொதுப் புள்ளி. திருத்தவும் மாற்றிக் கொடுக்கவும் 70 கோடி டாலர் ஆகும் என்று இன்டெல் மதிப்பிட்டது. பங்குச் சந்தைக்கு அது பெரிய செய்தி. ஆனால் அந்த நான்கு இணைப்பிலும் ரெய்டு கட்டியிருந்தவர்களுக்கு 2002-ல் நடந்த மாதிரி நடக்க வேண்டியதில்லை. திருத்திய சிப்போடு வந்த போர்டும் அதே இன்டெல் எழுத்துமுறையைப் படிக்கும், டிஸ்க்கை மாற்றி மாட்டினால் அணி எழுந்து நிற்கும். அதுவும் இல்லையென்றால் லினக்ஸ் சிடி இருக்கவே இருக்கிறது.

கேடி7-ரெய்டு வைத்திருந்தவர்களுக்கு 'அதே போர்டு இன்னொன்று வாங்கி மாட்டு' என்ற யோசனை கொஞ்ச காலம்தான் செல்லுபடியானது. ஏபிட் 2008 முடிவோடு கடையைக் கட்டியது. அதன்பின் பழைய சந்தையில் கிடைத்தாலும், அதிலும் அதே உப்பிய உருளைகள்தான். ஆனால் சாலிடரிங் இரும்பு பிடிக்கத் தெரிந்தவர்கள் வேறு ஒன்று செய்தார்கள். டிஸ்க்கைத் தொடவே இல்லை. செத்த போர்டைக் கழற்றி, உப்பிய கெப்பாசிட்டர்களைப் பிடுங்கி, அதே கொள்ளளவும் குறையாத வோல்டேஜும் உள்ள நல்ல கெப்பாசிட்டர்களை, கூட்டல் கழித்தல் முனை மாறாமல் வைத்துப் பற்றவைத்தார்கள். பத்துப் பதினைந்து உருளைகள், சில மணி நேர வேலை. மறுபடி மின்சாரம் கொடுத்ததும் பழைய பயாஸ் எழுந்து, ஹைபாயிண்ட் சிப்பின் திரை வந்து, 9-வது செக்டரைப் படித்து, டிஸ்க்குகளை ஒரே அணியாகக் காட்டியது. அந்த ஒரு தடவை எழுந்தால் போதும், முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடலாம்.